வீட்டு முன்புறத் தோட்ட ‘பேக்கேஜ்’: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வெட்டிவிடலாம்

தனி வீடு கட்டி முடித்துப் பெயின்ட் காய்வதற்குள் இந்த பேக்கேஜ் வாசலுக்கு வந்துவிடும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று எங்கே விசாரித்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: கொரியன் அல்லது மெக்ஸிகன் புல், ஓரத்துக்கு கோல்டன் டுரான்டா, மூலைக்கு ஒரு ஃபாக்ஸ்டெயில் பாம், சுவரோரம் வெள்ளைக் கூழாங்கல், கார் நிற்க பேவர் பிளாக், இரவுக்கு நாலு ஸ்பைக் லைட். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். மூன்று மாதப் பராமரிப்பு இலவசம் என்பதும் கூடவே வரும்.

வேலை முடிந்த முதல் மாதம் தெருவே திரும்பிப் பார்க்கும். அதில் சந்தேகமில்லை. இலவசப் பராமரிப்பு முடிந்த பிறகுதான் கோரை தலைதூக்கும், பேவர் சக்கரத் தடத்தில் இறங்கும், இட்லிப்பூச் செடி மஞ்சளாகும், மழைநீர் படிக்கட்டுப் பக்கம் தேங்கும். இந்த நான்குக்கும் காரணம் ஒன்றே. பேக்கேஜ் தொகையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குப் போகிறது. தரைக்கு அடியில் போக வேண்டியது போவதில்லை. எனவே பேக்கேஜை அப்படியே வாங்காதீர்கள். உருப்படி உருப்படியாகப் பிரித்து விலை கேளுங்கள், சிலவற்றை நீக்குங்கள், மிச்சமாகும் காசை மண்ணிலும் நீர் வழிந்தோடும் வாட்டத்திலும் போடுங்கள்.

மண்ணிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பேக்கேஜின் மிகப் பலவீனமான இடம் அதுதான். கட்டட வேலை நடந்த முன்புறத்தில் ஓர் அடி ஆழம் வரை செங்கல் துண்டு, உலர்ந்த சிமென்ட் கலவை, டைல்ஸ் சில்லு, கட்டுக்கம்பி எல்லாம் புதைந்து கிடக்கும். ‘மண் சமன்படுத்துதல்’ என்று கொட்டேஷனில் ஒரு வரி இருந்தால், பெரும்பாலும் இதன் மேலேயே இரண்டு அங்குலம் செம்மண் பரப்புவார்கள் என்று பொருள். இரண்டு அங்குல மண் மே மாத வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். கீழே இருக்கும் சிமென்ட் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது: ஓர் அடி தோண்டி இடிபாட்டை வெளியே அனுப்ப வேண்டும். அடியில் இருப்பதைக் கடப்பாரையால் கிளறிவிட்டு, மேலே புது மண் கலவை. புல்லுக்குக் குறைந்தது ஆறு அங்குலம், செடிப் பாத்திக்கு ஓர் அடி. அளவு கணக்கு சுலபம். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி; ஆறு அங்குல ஆழத்துக்கு அது 200 சதுர அடியை மூடும். தண்ணீர் விட்டதும் அமுங்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே அடிக்க வேண்டும். 400 சதுர அடிப் புல்தரைக்கு அரை யூனிட் மண் என்று எழுதியிருந்தால், ஒன்றரை அங்குலத்துக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய தொழு உரம். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற களிமண் பகுதிகளில் மணல் பங்கு அவசியம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரை மணலில் அதை விட்டுவிட்டு, தொழு உரத்தையும் தேங்காய் நார்க்கழிவையும் கூட்டிக்கொள்ளலாம். ஆற்று மணலுக்குப் பதிலாகக் கழுவாத எம்-சாண்ட் கலப்பதை அனுமதிக்காதீர்கள். அதிலுள்ள கல் தூள் தண்ணீர் பட்டதும் இறுகி, மண்ணைத் தரை ஆக்கிவிடும்.

அடுத்தது வாட்டம். வீட்டுச் சுவரிலிருந்து கேட்டை நோக்கிப் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் புல்தரைக்கு. பேவருக்கோ கல்லுக்கோ ஒன்றேகால் அங்குலம் போதும். ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்துப் பார்க்க கால் மணி நேரம்கூட ஆகாது, ஆனாலும் கண் அளவில் முடித்துவிடுகிறார்கள். 600 சதுர அடி முன்புறத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,800 லிட்டர் தண்ணீர் விழும். வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு இது ஒன்றும் பெரிய மழை இல்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், வீட்டில் ஓர் உறிஞ்சுகுழி ஏற்கெனவே இருக்கும். முன்புறத்தை அழகுபடுத்துகிறவர்கள் செய்யும் முதல் சேதம், அதன் மூடியை மண் போட்டு மறைத்துப் புல் பதிப்பது. மேலே வழியும் சேறும் உள்ளே இறங்கி ஒரே பருவத்தில் குழி அடைத்துக்கொள்ளும். மூடி தெரியட்டும், வேண்டுமானால் அதன் மேல் ஒரு கனமான தொட்டியை வையுங்கள், தூக்கி எடுக்க முடிகிற அளவில். கேட்டுக்கு உட்புறம் குறுக்காக ஒரு சிறு வாய்க்கால், மேலே துளையிட்ட சிலாப், அங்கிருந்து குழிக்கு ஒரு குழாய் என்று அமைத்தால் தெருவுக்கு ஓடும் நீரும் உள்ளேயே இறங்கும். பேக்கேஜில் இது இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விளக்குக்குச் செலவிடுவதைவிட இது மேல்.

இனி புல். பேக்கேஜின் முகமே இதுதான், பெரும்பாலான வீடுகளில் தோற்பதும் இதுதான்.

கொரியன், மெக்ஸிகன் என்ற பெயரில் நர்சரிகள் விற்பவை சோய்சியா இனத்துப் புற்கள். நேர் வெயில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வேண்டும். இங்கேதான் வீட்டின் திசை முக்கியம். வடக்குப் பார்த்த வீட்டில், டிசம்பர் மாத நண்பகலில், சென்னை அட்சரேகையில், 23 அடி உயரமுள்ள ஒரு மாடி வீட்டின் நிழல் முன்னால் சுமார் 17 அடி விழும். முன்புறம் பதினைந்தடி என்றால் மார்கழி முழுக்க ஒரு வெயில் துண்டுகூடப் படாது. மழை ஈரமும் சேரும்போது புல் வட்டம் வட்டமாகப் பழுப்பாகும், அது பூஞ்சை. மருந்து தெளித்தால் அந்த வட்டம் நிற்கும், நிழல் நகராது. வடக்குப் பார்த்த வீடு என்றால் சோய்சியாவை விட்டு எருமைப்புல் கேளுங்கள். இலை அகலம், பார்வைக்குக் கொஞ்சம் முரடு, ஆனால் அரை நிழலைத் தாங்கும். ஒரேயடியாக நிழல் என்றால் புல்லே வேண்டாம். பெரணி, மணி பிளான்ட், சிங்கோனியம் போன்றவற்றால் தரையை மூடலாம்.

கொரியன் புல் மெத்தைபோல மேடு மேடாக எழும்பும். படத்தில் அது அழகு. மெஷின் ஓட்டினால் மேட்டின் தலை மொட்டையாகி வைக்கோல் நிறம் தெரியும். வெட்டாமல் விட்டால் அடியில் காய்ந்த நார் சேர்ந்து தண்ணீர் இறங்காது. குழந்தைகள் ஓடும் இடத்துக்கு மெக்ஸிகன்தான் சரி. ஒன்று, ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்திருந்தால் ஒழுங்காக இருக்கும். உப்புத் தண்ணீரையும் இந்த இனம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பதால், ஈசிஆர் பக்கத்துப் போர் தண்ணீருக்கு இது நல்ல தேர்வு.

கோரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செம்மண்ணோடு லாரியில் ஏறி வருவது இது. மேலே இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும். கீழே கடலைப்பருப்பு அளவுக் கறுப்புக் கிழங்குகள் நூல் போன்ற வேரில் கோத்த மாதிரி தங்கிவிடும், ஒவ்வொன்றும் மறுபடி முளைக்கும். புல் பதித்த பிறகு இதற்கு விடிவில்லை. பதிப்பதற்கு முன்பு உண்டு: மண்ணை அடித்துச் சமப்படுத்திவிட்டு, இரண்டிலிருந்து மூன்று வாரம் வெறும் தண்ணீர் மட்டும் விடச் சொல்லுங்கள். கோரை முளைத்துத் தன் இடத்தைக் காட்டும். களைக்கொத்தால் அரையடி, முக்காலடி ஆழம் போய்க் கிழங்கோடு எடுத்துவிட்டு, பிறகு புல்லைக் கொண்டுவரலாம். ஒப்பந்தக்காரருக்கு இந்த மூன்று வாரம் பிடிக்காது, வேலையை ஒரே மூச்சில் முடித்துத் தொகையை வாங்கத்தான் பார்ப்பார். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புல் வந்து இறங்கும்போது ஒரு துண்டைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளை வேர் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். வேர் பழுப்பாக, மண் பொடிந்து உதிர்ந்தால் திருப்பி அனுப்புங்கள். வெட்டிய இரண்டு நாளுக்குள் தரையில் படுக்க வேண்டும். துண்டுகளுக்கு இடையே விரல் அகல இடைவெளி விட்டு எண்ணிக்கையை மிச்சப்படுத்துவது வழக்கமான தந்திரம். கோரைக்கு அதுவே கதவு. நெருக்கி வைத்து, இணைப்பில் மணலும் தொழு உரமும் தூவி, ரோலர் ஓட்ட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 200 சதுர அடிக்கு 90 லிட்டருக்கு மேல். 500 சதுர அடி என்றால் 230 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டுக்கு 500 சதுர அடிப் புல் கட்டுப்படியாகாது. 120, 150 சதுர அடியில் ஒரு திட்டு வைத்துச் சுற்றிலும் செடிப் பாத்தி கொடுத்தால் தெருவிலிருந்து பார்க்கப் பச்சை குறையாது. செயற்கைப் புல்லைச் சிலர் மாற்றாகத் தருகிறார்கள். நேர் வெயிலில் அது வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். மாடி பால்கனி நிழலில் விரிக்கலாம், முன்வாசலுக்கு ஒத்துவராது.

பேவர் பிளாக்கை எடுத்துக்கொண்டால், பொருளில் பழுது அரிது, பதிப்பில்தான் பழுது. நடக்க மட்டும் என்றால் 50 மில்லிமீட்டர் கனம், கார் ஏறினால் 60, கனமான வண்டி வந்தால் 80. அடியில் நான்கிலிருந்து ஆறு அங்குலம் ஜல்லியும் கிரஷர் தூசியும் கலந்து, தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காகப் பிளேட் காம்பேக்டரால் இறுக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்று, ஒன்றரை அங்குலம் மணல் படுக்கை. பிறகுதான் பிளாக். குறுக்குவழி எடுப்பவர்கள் ஜல்லியை விட்டுவிட்டு நான்கு அங்குலம் வெறும் தூசி கொட்டி, கட்டையால் தட்டிப் பதிக்கிறார்கள். முதல் மழையில் தூசி நகரும், இரண்டு சக்கரத் தடத்திலும் பள்ளம் விழும். ஓரத்தில் கான்கிரீட் கர்ப் (ஓரக்கட்டு) இல்லாவிட்டால் பிளாக்குகள் வெளிப்பக்கமாக விரிந்துகொண்டே போகும். பிளாக் எந்தக் கம்பெனி என்று கேட்பதைவிட, காம்பேக்டர் எந்த நாள் வருகிறது என்று கேட்டு அன்று வீட்டில் இருங்கள்.

துளையுள்ள புல் பேவர் வேண்டாம். கார் நிற்கும் நேரமெல்லாம் கீழே வெயில் இல்லை. கார் போன பிறகு கான்கிரீட் சூட்டில் உள்ளிருக்கும் கைப்பிடி மண் வறண்டுபோகும். பெரும்பாலும் துளையில் காய்ந்த குச்சிதான் மிஞ்சும். பாலிஷ் போட்ட கடப்பாக் கல்லும் முன்புறத்துக்குச் சரிப்படாது, நனைந்தால் வழுக்கும், வெயிலில் கறுப்பு கொதிக்கும். சொரசொரப்பாக விட்ட கருங்கல்லோ தாண்டூரோ நல்லது.

ஒன்றை எந்த வரைபடத்திலும் பார்க்க முடிவதில்லை: கோலம் போடும் இடம். கேட்டிலிருந்து வாசற்படி வரை பேவர் நிரப்பிவிட்டால், ஒவ்வொரு இணைப்பிலும் கோலமாவு இறங்கிக் கோடு அறுந்துபோகும், புள்ளி வரிசை வைக்கவே முடியாது. நாலடிக்கு நாலடி, முடிந்தால் ஐந்துக்கு ஐந்து, மெல்லிய சொரசொரப்போடு ஒரே மட்டமான கருங்கல் பலகை பதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தெளித்தால் தேங்காமல் வழிய லேசான வாட்டம் போதும். நம் ஊர் வீட்டு முகப்புக்கு இதைவிட அழகு சேர்ப்பது எதுவும் இல்லை, செலவும் சொற்பம்.

செடிப் பட்டியலில் அதிகம் பழுதாவது இட்லிப்பூதான். குட்டை ரகத்தை ஓரடிக்கு ஒன்றாக நட்டால் வேலி மாதிரி அடர்ந்து வரும், இருபதடிக்கு இருபது செடி. ஆனால் அமிலத்தன்மை விரும்பும் இந்தச் செடியைக் காம்பவுண்ட் சுவரின் சிமென்ட் அடியை ஒட்டி நடுகிறார்கள். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி எலுமிச்சை மஞ்சளாக மாறினால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தால் வேருக்குக் கிடைப்பதில்லை, அதனால் யூரியா போட்டுப் பயனில்லை. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூடவே ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். டைல்ஸ் மேல் பட்டால் துருக்கறை பிடிக்கும், கவனம். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, புது மண்ணில் நட்டிருந்தால் இந்த வேலையே இல்லை.

கோல்டன் டுரான்டா மலிவு, வேகமாக வளரும். அந்த வேகமே தொல்லை. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்காவிட்டால் வடிவம் கலைந்துவிடும். கத்தரிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு நந்தியாவட்டையின் குட்டை ரகம் மேல். அரிக்கா பாமை மேற்கு வெயிலில் வைத்தால் மட்டை கருகும். கிழக்குப் பக்கத்து அரை நிழல்தான் அதற்கு இடம். ஃபாக்ஸ்டெயில் பாம் நல்ல மரம், மட்டை விரிய இடம் வேண்டும் என்பதால் சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ள வேண்டும். கொட்டேஷனில் வெடீலியா என்று மஞ்சள் பூத் தரைக்கொடி இருந்தால் அடித்துவிடுங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பக்கத்து மனைக்கும் பரவும். வேலிக்கு நடும் கோனோகார்பஸ் மர வரிசையும் கூடாது. குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் அதற்குத் தடை போட்டுவிட்டன.

நிழலுக்கு ஒரு மரம் அவசியம், மேற்குப் பார்த்த வீட்டுக்குக் கட்டாயம். பவளமல்லி, மந்தாரை இரண்டும் சின்ன முன்புறத்துக்கு அடங்கும். குழி மூன்றடிக்கு மூன்றடி, சுவரிலிருந்து ஆறு அடி தள்ளி. மயிற்கொன்றை (குல்மோகர்) கேட்டால் மறுத்துவிடுங்கள். மேலோட்டமான வேரும் எளிதில் முறியும் கிளையும் கொண்ட மரம், 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னைத் தெருக்கள் அதைப் பார்த்தன.

நம் நர்சரிகளுக்கு வரும் அலங்காரச் செடிகளில் கணிசமானவை ராஜமுந்திரி அருகேயுள்ள கடியத்திலிருந்து லாரியில் வருபவை. வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே மணற்பாங்கான மண்ணில் புதைத்தால், ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி இறங்கிப் போய்விடும், உள்ளே வேர் காய்ந்தே கிடக்கும். நடும் முன் ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளி ஓட்டை விரலால் உதிர்த்துவிட்டு நட வேண்டும். ஓசூர் பக்கத்திலிருந்து வரும் செடி என்றால், நிழல்வலைக்கு அடியில் இரண்டு வாரம் வைத்துப் பழக்கிய பிறகே சென்னை வெயிலுக்கு விடலாம்.

சொட்டுநீர் கேட்டு வாங்குங்கள், பாப்-அப் ஸ்பிரிங்ளர் வேண்டாம். பாப்-அப் எழும்ப ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தொட்டி கொடுப்பது ஒரு கிலோதான். ஒரு மாடி வீட்டுத் தொட்டியில் அதுவும் வராது, தனி மோட்டார் வைக்க வேண்டியிருக்கும். சொட்டுநீர் தொட்டித் தண்ணீரிலேயே ஓடும். போர் தண்ணீர் என்றால் ஃபில்டர் இல்லாமல் போடவே கூடாது, மணலும் துகளும் அடைத்துக்கொள்ளும். காகிதப்பூவுக்கு மட்டும் தனி வால்வு கேளுங்கள். இட்லிப்பூவோடு அதே லைனில் தினமும் தண்ணீர் குடித்தால் இலையாகத் தள்ளுமே தவிரப் பூக்காது.

வெள்ளைக் கூழாங்கல்லில் அளவு ஏமாற்று அதிகம். 100 சதுர அடிக்கு இரண்டு அங்குல கனத்தில் பரப்ப ஏறக்குறைய 700 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை பதினான்கு ஆகும். ஆறேழு மூட்டையில் முடித்தால் மண் தெரியும். அடியில் தண்ணீர் இறங்கும் ஜியோ துணி விரிக்க வேண்டும், பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் நீர் தேங்கும். மரத்தடியில் இதைப் போடாதீர்கள், சருகு பொறுக்கி மாளாது. விளக்கில் சுருக்கமாக: 12 வோல்ட், ஐபி65 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்), மஞ்சள் வெளிச்சம், கேபிள் ஒன்றரை அடி ஆழத்தில் குழாய்க்குள், மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). மண்ணுக்குள் டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் மண்ணின் கன அடி, ஜல்லி அடுக்கின் கனம், புல்லின் ரகம், செடிகளின் உயரமும் எண்ணிக்கையும், செத்த செடியை 90 நாளுக்குள் மாற்றித் தரும் பொறுப்பு ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். சென்னைப் பக்கம் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் நட்டால் வேர் பிடித்துவிட்டு மழையைச் சந்திக்கும். சித்திரை வெயிலில் புல் பதிப்பது தண்ணீருக்கும் காசுக்கும் நஷ்டம். பணத்தை மண் வேலை முடிந்ததும் ஒரு பங்கு, கல் வேலை முடிந்ததும் ஒரு பங்கு, செடி இறங்கியதும் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுங்கள். ஐந்தில் ஒரு பங்கை முதல் பெருமழை வரை நிறுத்தி வையுங்கள். மழை நின்ற ஒரு மணி நேரத்தில் தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்து, அந்த இடங்களைத் தோண்டி மட்டம் சரிசெய்து கொடுத்த பிறகு கடைசித் தவணையை அனுப்புங்கள்.